சகானாவுக்கும் மோகனத்துக்கும் நடுவே

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி அந்தப் பழைய கிளை நூலகத்தின் படத்தைப் போட்டிருந்தாள். ராயபுரத்தில், கல்மண்டபத்துப் பக்கத்துச் சந்தில், பச்சைக் கம்பிக் கதவு போட்ட ஒற்றை மாடிக் கட்டடம். இடிக்கப் போகிறார்களாம். உடனே ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தீர்கள். காமிக்ஸுக்கு அடித்துக்கொண்டது, புத்தகத்துக்குள் மாங்காய்த் துண்டு வைத்து அட்டையெல்லாம் கறையானது, மீன்கூடையோடு உள்ளே வந்த அம்மாவை யாரோ விரட்டியது. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நாங்கல்லாம் கதை புஸ்தகம் தூக்கினு ஓடுவோம். நீ ஒருத்திதான்டி காதுல அத்த மாட்டிக்கினு சங்கீதம் கேட்டுக்கினு இருப்ப" என்று ஒருத்தி எழுதினாள். "அந்த லைப்ரரி நம்மள்ல ஒருத்திய உருப்பட வச்சுது" என்று இன்னொருத்தி. வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகள் வந்து விழுந்தன.

நான் பதில் போடவில்லை. நான்கு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். நம் எல்லோருக்கும் அறுபது நெருங்குகிறது. இருவரை இழந்தும் விட்டோம். அந்தக் கைதட்டலை இனியும் பேசாமல் வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. எங்கள் வீடு தகரக் கூரை என்பது உங்களுக்குத் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. நூலகத்தின் பின்னறையில் ஒரு ஃபேன் ஓடும். நான் அங்கே போனது அந்த ஃபேனுக்காகத்தான். சங்கீதத்துக்காக இல்லை.

அந்த அறையில் பழைய நாளிதழ்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். அதன் நடுவே புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி வந்திருந்தது. மயிலாப்பூர்ப் பக்கம் சங்கீதப் பித்துப் பிடித்த ஒரு பெரியவர் இறந்துபோய், அவர் வீட்டார் அவர் சேர்த்ததையெல்லாம் நூலகங்களுக்குக் கொடுத்தார்களாம். மற்ற கிளைகள் இடம் இல்லை என்று கைவிரித்துவிட, கடைசியில் எங்கள் ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தது. நூற்றைம்பதுக்கு மேல் கேசட்டுகள், ராகங்களைப் பற்றிய புத்தகங்கள், ஸ்வரம் போட்ட புத்தகங்கள், ஒரு டேப் ரெக்கார்டர், காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். இசைத்தட்டுகளும் இருந்தன. அவற்றைச் சுழற்ற மெஷின் இல்லாததால் மேல் தட்டில் சும்மா கிடந்தன.

லைப்ரரி சார் கோவில்பட்டிக்காரர். அவருக்கும் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் எண் போட்டு, அட்டை எழுதி, இழுப்பறையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். கேட்கிறவர்கள் ஒரு நோட்டில் பேரும் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அவ்வளவுதான் சட்டம். அந்தக் கோடையில் அந்த நோட்டில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் என் கையெழுத்துதான்.

எதைக் கேட்பது என்று தெரியாததால் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன். முதல் மூன்று நாள் ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருவர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் தூங்கிவிட்டேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எட்டாம் எண் கேசட்டில் ஒரு வயலின் இறங்கி வந்து ஒரு இடத்தில் நின்றது. எனக்கு ஏனோ அழவேண்டும் போல இருந்தது. அட்டையைப் பார்த்தேன். 'முகாரி' என்று இருந்தது. அலமாரியில் போய் ராகப் புத்தகத்தை எடுத்து முகாரி என்றால் என்ன என்று பார்த்தேன். சோகத்துக்கு உரியது என்று போட்டிருந்தது. எனக்கு வந்தது சரியான சோகம்தான் என்பதில் ஒரு பெருமை.

அன்று முதல் ஒரு நோட்டுப் போட்டேன். எண், ராகம், அது எனக்கு எதைப் போல இருக்கிறது. 'மோகனம்: துவைத்த துணி வெயிலில் ஆடுகிற மாதிரி.' 'தோடி: யாரோ நம்மிடம் ஒன்றை மறைக்கிற மாதிரி.' 'ஹிந்தோளம்: கப்பல் வெளிச்சம்.' ஸ்வரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, டேப்பை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, வாய்க்குள்ளேயே ஸரிகமவைப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு மாதத்துக்குள் இருபது ராகமாவது அட்டையைப் பார்க்காமல் சொல்ல வந்தது. இது உண்மை. இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் கைதட்டலை வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. அம்மா மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். சமையல் செய்துகொண்டே பாடுவாள். "சுருதி சேரவில்லை" என்று சொன்னேன் ஒரு நாள். அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். "இன்னாமே சொல்றா இவ?" என்றார். "இன்னா இல்லைப்பா, என்ன" என்று திருத்தினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேசட்டில் பாட்டுக்கு நடுவே சில வித்வான்கள் இரண்டொரு வார்த்தை பேசுவார்கள். அந்தத் தமிழ் வேறு மாதிரி இருந்தது. சங்கீதம் அந்தத் தமிழ் பேசுகிறவர்களுடையது, நான் அங்கே போகவேண்டுமானால் எங்கள் வீட்டுப் பேச்சை வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் அந்த அறைக்கு இன்னொருவர் வருவார். கொருக்குப்பேட்டையில் ஒரு தகர டப்பாக் கம்பெனியில் மெஷினில் வேலை பார்க்கிற பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவரைத் தகரக் கம்பெனி அக்கா என்றுதான் மனசுக்குள் அழைப்பேன். வேலை விட்டு நேராக வருவார். கையில் எண்ணெய்க் கறை. ஹெட்போனைத் தொடுவதற்கு முன் முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொள்வார். அவர் கேட்பது ஒரே ஒரு கேசட். அலமாரியின் கடைசி எண்.

அது மயிலாப்பூர்ப் பெரியவருடையது இல்லை. அந்த அக்கா கொண்டுவந்து கொடுத்தது. அவருடைய கணவர் ஹார்பரில் கப்பல் துரு சுரண்டுகிற வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். ரேடியோவில் கேட்டுக் கேட்டே ராகங்களைப் பிடித்துக்கொண்டவராம். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தபோது, ஒரு நாள் வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்து அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வருடம் நுரையீரல் கெட்டு அவர் போய்விட்டார். நண்பர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அக்காவிடம் கேசட் இருந்தது, போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. நூலகத்தில் மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, "இத்த நீங்களே வச்சுக்கினு, நான் வந்தா கேக்க வுடுங்க சார்" என்று கொடுத்துவிட்டார். சார் அதற்கும் எண் போட்டு அட்டை எழுதினார்.

அக்கா அந்தக் கேசட்டை முழுசாகக் கேட்கமாட்டார். கொஞ்ச நேரம் ஓடும். பிறகு ஒரு இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்பார். மறுபடி பின்னால் ஓட்டுவார். கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சார் கதவருகே நின்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். "ரசிகைன்னா அவங்கதாம்மா. ஒரே இடத்தை எத்தனை தடவை கேட்கிறாங்க பாரு." நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வரிசையாகக் கேட்டுவந்த நான் மே மாதக் கடைசியில் அந்தக் கேசட்டுக்கு வந்தேன். பேண்டு செட்டுக்காரர் என்ன வாசித்துவிடுவார் என்ற இளக்காரத்தோடுதான் போட்டேன். சகானா. எடுத்த எடுப்பிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தனை கேசட்டில் அப்படி ஒரு சகானாவை நான் கேட்கவில்லை. மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு சின்னப் பிசிறு வரும். அந்தப் பிசிறுகூட ராகத்துக்குள்தான் இருந்தது. அடுத்து மோகனம். அதுவும் அப்படியே.

ஆனால் சகானாவுக்கும் மோகனத்துக்கும் நடுவே அரை நிமிடம் பேச்சு இருந்தது. இருமல். பாத்திரம் உருளுகிற சத்தம். பிறகு அவர் குரல்.

"இன்னாமே, இன்னா தீயுது அங்க?"

தூரத்திலிருந்து அக்காவின் குரல். "கருவாடுதான். நீ வாசிக்கிறத கேட்டுக்கினு நின்னுட்டேன்."

அவர் சிரிக்கிறார். சிரித்து, இருமி, "அப்ப இன்னொண்ணு வாசிக்கவா?" என்கிறார். மோகனம் தொடங்குகிறது.

எனக்கு ஒரே அவமானமாகிவிட்டது. அப்படி ஒரு சகானாவுக்குப் பிறகு கருவாடு! வெள்ளை வேட்டியில் குழம்பு கொட்டியது மாதிரி இருந்தது. மயிலாப்பூர்க்காரர்கள் யாராவது வந்து இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். யாரும் வரப்போவதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னக் காதுகள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதிவு செய்ய முடியாது. அலமாரியில் எல்லாக் கேசட்டுக்கும் காதை உடைத்து வைத்திருந்தார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் காது இருந்தது. ஒரு புதன்கிழமை, சார் முன்னறையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, சகானா முடிகிற இடத்தில் டேப்பை நிறுத்தினேன். என் குரல் டேப்பில் எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எங்கே பாடுவது என்று தேடியபோது, அந்தக் கருவாட்டு இடம்தான் வீணாகக் கிடக்கிறது என்று தோன்றியது. பதிவு செய்ய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தவேண்டும், சிவப்பும் பக்கத்தில் உள்ளதும். அதனால் கை தவறி நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. இரண்டு விரலால் அழுத்தினேன். மோகனத்து ஸ்வரங்களை ஏறியும் இறங்கியும் பாடினேன். நிறுத்தினேன்.

போட்டுக் கேட்டேன். சகானா முடிந்து, என் குரல் வந்து, மோகனத்துக்குள் போயிற்று. எவ்வளவு சரியாகப் பொருந்தியது தெரியுமா? நான்கு தடவை கேட்டேன். சங்கீதத்துக்கு ஏதோ தொண்டு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமைதான் உறைத்தது. சனிக்கிழமை அக்கா வருவாரே, என் குரலைக் கேட்டால் சாரிடம் சொல்வாரே, சார் என்னை உள்ளே விடமாட்டாரே. என் பயமெல்லாம் என் குரல் மாட்டிக்கொள்ளுமே என்பதுதான். அழிந்துபோன குரலைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை, என் குரலை அழிக்க மறுபடி அந்த இடத்துக்கு ஓட்டி, மறுபடி இரண்டு பட்டனையும் அழுத்தி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தேன். அரை நிமிடம் போதும் என்று கணக்கு. அதற்குள் சார் யாரோ ஒருவரோடு பேசியபடி அறை வாசலில் வந்து நின்றுவிட்டார். நிறுத்துகிற பட்டன் 'டக்'கென்று சத்தம் போடும். சிவப்புப் பட்டனைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு, ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்கிற மாதிரி தலையாட்டினேன். அவர்கள் பேசினார்கள், பேசினார்கள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் போனபிறகு நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். மோகனத்தில் பாதி போய்விட்டது.

சனிக்கிழமை அக்கா வந்தார். கையைத் துடைத்தார். ஹெட்போனை மாட்டினார். நான் ஒரு புத்தகத்தைப் பிரித்துவைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சகானா முடிகிற நேரம் எனக்குத் தெரியும். அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். காத்திருந்தார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார். மறுபடி. பிறகு சாரைக் கூப்பிட்டார்.

"சார், நடுவுல அவரு பேசுவாரே. அது காணோமே சார்."

"பேச்சா? அதுல பேச்சு இருக்காம்மா?" சார் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கீது சார். கருவாடு தீஞ்சுபோச்சுன்னு நான் சொல்வேன், அவரு சிரிப்பாரு. அத்த கேக்கத்தான சார் நான் வரேன். எனக்கு சங்கீதம் இன்னா தெரியும்?"

அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. அத்தனை சனிக்கிழமையும் அவர் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டது அந்த அரை நிமிடத்தைத்தான்.

சார் கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகில் காதுகள் இருப்பதைப் பார்த்துவிட்டார். "அடடா, இதை உடைக்காம விட்டது என் தப்பு" என்றார். அப்புறம் கையெழுத்து நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். அந்த வாரம் முழுக்க என் பெயர்தான். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அக்கா என்னிடம் திரும்பினார்.

"பாப்பா, நீ சின்னப் பொண்ணு. உன் காது நல்லா கேக்கும். நீ ஒருவாட்டி கேட்டுப் பாரும்மா."

ஹெட்போனை அவரே என் தலையில் மாட்டினார். ஓடியது. ஃபேன் சத்தம். தெருவில் போன லாரியின் ஹாரன். சார் யாரோடோ பேசியது தூரத்தில் முணுமுணுப்பாக. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்.

"இருக்கு அக்கா. சன்னமா கேக்குது."

சார் நோட்டை மூடிவிட்டார். அவருக்கு நிம்மதி. "டேப் தேய்ஞ்சிருக்கும். மெஷினைத் துடைச்சு வைக்கிறேன்" என்று போய்விட்டார்.

அக்கா மறுபடி மாட்டிக் கேட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டார். "எனக்குக் கேக்கலையே" என்றார். "கம்பெனி மிஷினு சத்தத்துல காது பூடுச்சு போல." பிறகு என் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "இன்னா சொல்றாரு? நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் வெறும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சொன்னேன். "இன்னாமே, இன்னா தீயுது அங்கன்னு கேக்கறார்." ஒன்றரை மாதமாக என் வாயில் வராத எங்கள் பேச்சு. அக்காவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "ம்" என்றார். "அப்பாலே?" சொன்னேன். "சிரிக்கிறாரா?" "சிரிக்கிறார்." "இருமுவாரே?" "இருமறார்." அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும். மூன்றாம் வாரம் அவர் ரொம்ப வாடிப்போய் வந்தார். சந்தோஷப்படுத்தலாம் என்று நானாக ஒன்றைச் சேர்த்துவிட்டேன். "இன்னிக்கு நீ அழகா கீறன்னு சொல்றார் அக்கா." அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அப்டியா சொன்னாரு? அத்தினிவாட்டி கேட்டும் எனக்குத் தெரியலையே. மெதுவா சொல்லிக்கீறாரு போல." அன்று வீட்டுக்குப் போகும்வரை அவர் முகம் மலர்ந்தே இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

நான்காம் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம்.

"டாக்டர் இன்னா சொன்னாரு அக்கா?"

"காது நல்லாத்தான் கீதுன்றாரு. அவருக்கு இன்னா தெரியும்? பொண்ணுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல, அப்ப எப்டி நல்லா கீதுன்னு கேட்டேன். மருந்து ஊத்தி அனுப்பிட்டாரு."

டாக்டரை நம்பவில்லை. என்னை நம்பினார். அதோடு நிற்கவில்லை. காது கேட்கவில்லை என்று கம்பெனி சூப்பர்வைசரிடமும் சொல்லியிருக்கிறார், சத்தம் குறைந்த வேறு மெஷினில் போடுவார்கள் என்று நினைத்து. காது கேட்காதவளை மெஷினில் விட்டால் கை போய்விடும் என்று, பதினைந்து வருஷமாக மெஷின் ஓட்டியவரைப் பெருக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இதை அவர் அலுப்பாகத்தான் சொன்னார், அழவில்லை. "பெருக்கற எடத்துல சத்தம் கொறச்சலாதான் கீது, பரவால்ல" என்றார். நான் நோட்டில் ராகங்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். அக்காவின் தம்பி கப்பலில் வேலை பார்த்து ஊருக்கு வந்தவர், ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தாராம். அக்கா அதுவரை நான் பார்த்திராத ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கேசட்டைத் திருப்பிக் கேட்டார். "இனி வூட்லயே கேட்டுக்குவேன் சார். என் தம்பிக்கு காது நல்லா கேக்கும்." சார் அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தார். அக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படி இறங்கினார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். படிகள் பத்தோ பன்னிரண்டோதான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காபி போட உள்ளே போனாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"வூட்ல போட்டுப் பார்த்தோம் பாப்பா. தம்பி கேட்டான், தம்பி பொண்டாட்டி கேட்டா. ஒண்ணும் இல்ல. காத்து சத்தம்தான் கீதுன்றாங்க. உனக்கு நிஜமா கேட்டுதா?"

"இல்லக்கா. கேக்கல. பொய் சொன்னேன்."

"ஏன்மா?"

அங்கேதான் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த வாக்கியம் 'நான்தான் அழிச்சேன்' என்று தயாராக நின்றது. வாயைத் திறந்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே, "உங்களப் பார்க்கப் பாவமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கோசரம் பொய் சொன்னியா?" என்றார். பிறகு, "அவரு பேசனது உனக்கு எப்டித் தெரியும்?"

"முன்னாடி நல்லா இருந்தப்போ கேட்டிருக்கேன்."

"அப்ப நீ சொன்னதெல்லாம் அவரு சொன்னதுதான?"

"ஆமாம்."

"அழகா கீறன்னு சொன்னாரே, அதுவும்?"

"அதுவும்தான் அக்கா."

சின்னப் பொய்யை ஒப்புக்கொண்டு பெரிய பாவத்தை மறைத்தேன். அதன்மேல் இன்னொரு பொய்யையும் வைத்தேன். அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். அம்மா காபியோடு வந்தபோது, "தங்கமான பொண்ணு பெத்துக்கீற. உனக்கு ஒரு கொறையும் வராது" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முகமெல்லாம் பூரிப்பு. நான் சுருதியைப் பற்றிச் சொன்னதிலிருந்து வீட்டில் பாடுவதை நிறுத்தியிருந்தவள், அன்று சமையல் செய்யும்போது பாடினாள்.

மெஷின்தான் டேப்பைக் கெடுக்கிறது என்று சார் முடிவு செய்து, அலமாரியைப் பூட்டி மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். யாரோ வந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று தெரியாது. 'அப்போ அந்தப் பாட்டுப் பெட்டி எங்கே போச்சு' என்று நம் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள் அல்லவா, அதற்குப் பதில் இதுதான். பூட்டிய அன்று சார் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி, "உனக்குத்தாம்மா நஷ்டம்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அக்கா தம்பி குடும்பத்தோடு மணலி புதுநகருக்குப் போய்விட்டார். நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கிருந்து மணலி புதுநகர் ஒரு பஸ் தூரம். இரண்டு தடவை அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை திருவொற்றியூரில் இறங்கினேன். இன்னொரு தடவை வண்டி கிளம்பும் முன்பே இறங்கிவிட்டேன்.

எனக்கு நாற்பது வயதிருக்கும்போது அக்கா இறந்துவிட்டதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். அன்று போனேன். அடக்கம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து வருகிறேன், சின்ன வயதில் நூலகத்தில் பழக்கம் என்றேன். தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அது! லைப்ரரி பொண்ணுன்னு சொல்லிக்கினே இருப்பாங்க. தெனம் செபமாலை சொல்றப்ப உன்னயும் நெனைப்பாங்க. பெத்த புள்ளகூட அப்டி செய்யாது, எனக்காக இல்லாதத இருக்குன்னு சொன்ன பொண்ணுன்னு சொல்வாங்க."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்கள். தட்டில் பன்னும் டீயும் வந்தது. சூடு ஆறட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் தலையைத் தடவிவிட்டு, "நல்லா இரு தாயி" என்றார். டீயைக் குடித்தேன். பன்னையும் தின்றேன். எழுந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.